எஞ்சின் சொல்லாமல் சாகாது

அந்தத் தெருவில் டிரைவர் என்றால் இன்றைக்கும் அவர்தான். அவர் ஸ்டியரிங்கைத் தொட்டு ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆகிறது என்பதும், காலையில் அந்த வெள்ளைக் காரை எடுத்துக்கொண்டு போவது அவருடைய மனைவி என்பதும் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அவர் டிரைவர், அவள் டிரைவர் வீட்டம்மா. முனையில் இஸ்திரி போடுகிறவர் ஒரு நாள், "டிரைவர் வீட்டம்மா வண்டி ஓட்டிட்டுப் போறாங்க" என்று யாரிடமோ சொல்லிவிட்டு, தன் பேச்சில் இருந்த கோணலைத் தானே கவனித்துச் சிரித்துவிட்டார். "வேற எப்படிக்கா சொல்றது, நீங்களே சொல்லுங்க" என்றார் அவளைப் பார்த்து. அவளுக்கும் தெரியவில்லை.

குளியலறையில் விழுந்தவரைத் தூக்கியபோது இடது பக்கம் முழுக்கத் துவண்டிருந்தது. பேச்சு முதலில் திரும்பியது. திட்டுவதற்குத் தேவைப்பட்டதால் வந்துவிட்டது என்பாள் அவள். கை ஓரளவு வந்தது. கால் மட்டும் இழுத்துக்கொண்டே நின்றுபோனது. அதை அவர் கிளச்சு கால் என்றுதான் சொல்வார், டாக்டரிடம்கூட. "மத்ததெல்லாம் பரவால்ல டாக்டர். கிளச்சு கால் மட்டும் சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது."

வாழ்நாள் முழுக்க யார் யாருடைய வண்டியையோ ஓட்டிய மனிதர், சொந்தமாக என்று வாங்கியது அந்தக் கார் ஒன்றுதான். அதை விற்றுவிடலாம் என்று வெளியூரிலிருந்த மகள் சொன்னாள். அவர் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மறுநாளும் திரும்பவில்லை. மூன்றாம் நாள் அவள் கார் சாவியைக் கொண்டுவந்து அவர் தலைமாட்டில் வைத்து, "எனக்குக் கத்துக் குடுங்க" என்றாள். அப்போது அவளுக்கு வயது நாற்பத்தேழு. அதுவரை சைக்கிள்கூட ஓட்டியதில்லை.

பள்ளிக்கூட மைதானத்தில் பாடம் நடந்தது. அவர் பக்கத்து சீட்டில், மடியில் கைத்தடியோடு.

"மெதுவா விடுடி. அது கிளச்சு. கரப்பான்பூச்சி இல்ல, அப்படிப் போட்டு மிதிக்கறே."

"நீங்க வாயை மூடினா நான் முன்னாடி இருக்கற சுவரைப் பாப்பேன்."

"சுவரைப் பாக்காத. சுவர் அங்கயேதான் இருக்கும். நீ எங்க இருக்கேன்னு பாரு."

கற்றுக்கொண்டாள். அந்தப் பகுதியில் குடியிருந்த மூன்று நர்ஸ்களைக் காலையில் ஆஸ்பத்திரியில் விட்டு, சாயங்காலம் திரும்ப அழைத்துவரும் சவாரி கிடைத்தது. வீடு அதில்தான் ஓடியது. அவருடைய மாத்திரையும் அதில்தான்.

சவாரிக்கு முன்னால் தினமும் ஒரு காரியம் நடக்கும். அவள் காரை ஸ்டார்ட் செய்து ஓடவிடுவாள். அவர் தடியை இடது அக்குளில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்து, வலது உள்ளங்கையைப் பானெட்டின் மேல் வைத்து, தலையைச் சாய்த்துக் கேட்பார். பால் வாங்கப் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள், டாக்டர் நெஞ்சில் குழல் வைக்கும்போது பார்ப்பதைப் போல. கொஞ்ச நேரம் கழித்துக் கையை எடுப்பார். "போ" என்பார். சில நாள், "ஏதோ லேசா இழுக்குது, பிளக்கைப் பாக்கச் சொல்லு" என்பார். பார்த்தால் பிளக்தான். பட்டறை வைத்திருந்த மெக்கானிக்கே இதில் அவரை மெச்சுவான். அந்த ஒரு "போ" சொல்வதற்காக அவர் விடிவதற்கு முன்பே முகம் கழுவிச் சட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதற்குப் பிறகு அந்த நாளில் அவர் செய்வதற்கு ஒன்றும் இல்லை.

கோடை முடிகிற சமயத்தில் ஆயில் மாற்றப் போனபோது மெக்கானிக் சொன்னான்.

"அக்கா, டைமிங் பெல்ட்டுக்கு வயசாயிடுச்சு. மாத்திடலாம். அறுந்துச்சுன்னா எஞ்சினுக்கே உலை வெச்சிடும்."

"வண்டி அவ்வளவா ஓடலையேப்பா."

"ஓடலன்னாலும் ரப்பர் ரப்பர்தானேக்கா. கிடந்தாலும் காஞ்சு போகும்."

வீட்டுக்கு வந்து சொன்னாள். அவர் கேட்டது ஒரே கேள்விதான்.

"சத்தம் வருதா?"

"இல்ல."

"அப்புறம் என்ன? நான் தினமும் கேக்கறேன்ல. எஞ்சின் சொல்லாம சாகாது. ஒரு மாசம் முன்னாடியே முனகும்."

அவர் சொன்னதில் பொய் இல்லை. அவர் காலம் முழுக்க ஓட்டிய வண்டிகளில் அந்த இடத்தில் இருந்தது இரும்புச் சங்கிலி. சங்கிலி தளர்ந்தால் தகரப் பெட்டியில் சில்லறையைப் போட்டுக் குலுக்கியதுபோல் ஊரைக் கூட்டும். இந்தக் காரில் இருந்தது ரப்பர் பெல்ட். அவர் சொன்னதை அவள் மெக்கானிக்கிடம் போய்ச் சொன்னபோது அவன் தலையைச் சொறிந்தான். "அண்ணன் காதை நான் குறை சொல்லலக்கா. ஆனா பெல்ட்டு ஊமை. அது சொல்லாது. ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க. ஓடிக்கிட்டே இருக்கும்போது சத்தமில்லாம நின்னுச்சுன்னா, திரும்ப ஸ்டார்ட் பண்ணாதீங்க. எனக்கு போன் போடுங்க."

உங்கள் காது போதாது என்று வீட்டில் எப்படிச் சொல்வது? அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளினாள். அடுத்த மாதமும் அப்படியே போனது.

அது நின்றது ரயில்வே கேட்டில். நர்ஸ்கள் மூவரும் பின்னால் உட்கார்ந்து யாருடைய கல்யாணப் புடவையைப் பற்றியோ பேசிக்கொண்டிருந்தார்கள். கேட் மூடியிருந்தது, எஞ்சின் மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. ரயில் போனது. அது போன பிறகுதான் எஞ்சினும் ஓடவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. ஒரு உதறல் இல்லை, முனகல் இல்லை. ஊதி அணைத்ததுபோல் நின்றிருந்தது.

பழக்கத்தில் கை சாவிக்குப் போனது. பாதியில் நிறுத்திக்கொண்டாள். பின்னாலிருந்து ஹாரன்கள். நர்ஸ்களில் மூத்தவள், "அக்கா, டூட்டிக்கு நேரமாச்சு, நாங்க ஏதாவது பிடிச்சுப் போயிக்கறோம், மனசுல வெச்சுக்காதீங்க" என்றாள். மூவரும் இறங்கி ஓடினார்கள். கேட்டருகே பழக்கடை போட்டிருந்தவரும் இன்னும் சிலரும் சேர்ந்து, கியரில் போடாமல் காரை ஓரத்துக்கு உருட்டிவிட்டார்கள். அவள் மெக்கானிக்கைக் கூப்பிட்டாள்.

"நின்ன இடத்துலயா அறுந்துச்சு? மெதுவா ஓடிக்கிட்டிருந்ததா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டான் அவன். "அப்ப பிழைக்க வழி இருக்குக்கா. வெறும் பெல்ட்டோட போயிடும். சாவியைத் தொடாதீங்க. யாரையும் தொட விடாதீங்க. இழுத்துட்டு வர வண்டி அனுப்பறேன்."

கேட்டிலிருந்து வீடு கூப்பிடு தூரம்தான். யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். இழுக்கிற வண்டி வருவதற்குள் அவர் வந்துவிட்டார். காலை இழுத்து இழுத்து, சட்டைப் பொத்தான் மாறிப் போட்டு.

"அண்ணன் வந்துட்டாரு. இனிமே வண்டி என்ன, ரயிலே நின்னு வழி விடும்" என்றார் பழக்கடைக்காரர்.

அவர் பானெட்டைத் திறக்கச் சொன்னார். குனிந்து பார்த்தார். பெல்ட் உறைக்குள் இருந்ததால் வெளியே ஒன்றும் தெரியவில்லை. வயர்களை அசைத்தார். "பேட்டரிதான். தள்ளினா எடுத்துக்கும்" என்றார்.

"ஏங்க, மெக்கானிக்கு..."

"அவன் கிடக்கான். அவன் மூக்கு ஒழுகிக்கிட்டுத் திரிஞ்ச காலத்துலயே நான் எஞ்சின் பிரிச்சவன்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அவள் அவரையே பார்த்தாள். கைத்தடியை நீட்டி, நீ இந்தப் பக்கம், நீ அந்தப் பக்கம் என்று ஆட்களை நிறுத்திக்கொண்டிருந்தார். அவர் சொன்ன இடத்தில் அவர்களும் போய் நின்றார்கள். ஒன்றரை வருடமாகக் கட்டிலில் கிடந்த முகம் இல்லை அது. கல்யாணம் ஆன புதிதில், மழையில் சேற்றில் மாட்டிய முதலாளி வண்டியை நான்கு பேரை வைத்துத் தூக்கி வெளியே எடுத்தாரே, அந்த முகம்.

"உள்ள ஏறு. ரெண்டாவது கியர் போடு. கிளச்சை மிதிச்சுக்கோ. நான் சொல்லும்போது விடு."

அவளுக்குத் தெரியும். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாய்வரைக்கும் வந்தது. ஏறி உட்கார்ந்தாள். சாவியைத் திருப்பி, கிளச்சை மிதித்துக்கொண்டாள்.

"தள்ளுங்கப்பா! இன்னும்! நல்லா! ம், விடு!"

விட்டாள்.

உலக்கையால் இரும்பைக் குத்தியதுபோல் தடக் தடக்கென்று காருக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. கார் குலுங்கி நின்றது. தள்ளியவர்கள், "இன்னொரு தடவை பாக்கலாம் அண்ணே" என்றார்கள். அவர் தடியை ஊன்றி அப்படியே நின்றார். பிறகு, "போதும். விட்டுடுங்க" என்றார். அந்தச் சத்தம் என்ன என்று அங்கே இருந்தவர்களில் அவருக்குத்தான் நன்றாகப் புரிந்திருக்கும்.

அன்று பிற்பகல் பட்டறைக்கு அவள் தனியாகப் போனாள். அவர் வரவில்லை, தலை வலிக்கிறது என்றார். அறுந்த பெல்ட்டை மெக்கானிக் ஒரு பழைய செய்தித்தாளில் வைத்திருந்தான். பல் கொட்டிய சீப்பு மாதிரி இருந்தது. இவ்வளவு கேவலமான ஒரு பொருளையா நம்பி இத்தனை நாள் ரோட்டில் போனோம் என்று நினைத்தாள்.

"இந்தப் பெல்ட்டுதான்க்கா மேல இருக்கற வால்வையும் கீழ இருக்கற பிஸ்டனையும் ஒரே கணக்குல ஆட வெக்குது. ஒருத்தன் நின்னுட்டான், இன்னொருத்தன் ஆடறான்னா முட்டிக்குவாங்க. முட்டிக்கிட்டாங்க. எட்டு வால்வு வளைஞ்சிருக்கு." அவன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே அவளைப் பார்த்தான். "மெதுவா ஓடும்போது அறுந்ததுக்கு இவ்வளவு ஆகாது. யாரு ஸ்டார்ட் பண்ணது?"

"நான்தான்பா. பழக்க தோஷம். கை தானா திருப்பிடுச்சு."

"படிச்சுப் படிச்சுச் சொன்னேனேக்கா."

"சொன்னே. என் புத்தி."

 பாகம் வெளியூரிலிருந்து வரவேண்டும், கழற்றிய மேல்பகுதியைக் கடைசல் பட்டறைக்கு அனுப்பவேண்டும், எத்தனை வாரம் என்று இப்போது சொல்ல முடியாது என்றான். செலவு ஒரு பக்கம். நர்ஸ்கள் அதுவரை எப்படிப் போவார்கள் என்பதுதான் அவளுக்குப் பெரிய கவலை. ஒரு வேன் அவர்களைக் காத்திருந்து கொத்திக்கொண்டு போயிற்று.

வீட்டில் அவரிடம், "அறுந்தப்பவே எல்லாம் வளைஞ்சு போச்சாம். நம்ம கையில ஒண்ணும் இல்லயாம்" என்றாள். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்.

வாசலில் கார் நிற்கும் இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. அவர் வழக்கம்போல விடிவதற்கு முன் எழுந்தார், முகம் கழுவினார், சட்டை போட்டார். பிறகு சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் படுத்துக்கொண்டார். இப்படிச் சில நாள். அதன் பிறகு எழுவதே இல்லை. சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் மாத்திரையை நீட்டினால் வாங்கிக்கொள்வார், அவ்வளவுதான். மகள் போனில், "நான் அப்பவே சொன்னேன்மா" என்றாள். "ஆமா, நீ அப்பவே சொன்னே" என்று போனை வைத்தாள் இவள்.

ஒரு நாள் அவள் கடைக்குப் போய்த் திரும்பியபோது கட்டில் காலியாக இருந்தது. தடியும் இல்லை. தெருவின் இரண்டு முனைக்கும் ஓடிப் பார்த்தாள். இஸ்திரிக்காரர், "பஸ் ஏறினாருக்கா, நான்தான் ஏத்தி விட்டேன். கேட்டா எரிஞ்சு விழறாரு" என்றார்.

வெயில் தாழ்ந்த பிறகு அவர் வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. சமையலறை வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எங்க போயிட்டு வரீங்க? சொல்லிட்டுப் போனா குறைஞ்சா போயிடுவீங்க?"

"பட்டறைக்கு."

அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தினாள்.

"சாவியைத் திருப்பினது நீதான்னு சொல்லியிருக்கே. அவ மேல பழி போடாத, தள்ளச் சொன்னவன் நான்தான்னு அவன்கிட்ட சொன்னேன். அந்தச் சத்தத்தைக் கேட்டவன்டி நான். வால்வு எப்ப முட்டுச்சுன்னு எனக்குத் தெரியாதா?" மூச்சு வாங்கியது. "அதுக்கு அவன் என்ன சொல்றான் தெரியுமா? 'அண்ணே, சாவியைத் தொடாதீங்கன்னு அக்காகிட்ட போன்லயே சொன்னேனே'ங்கறான்."

அவள் வெங்காயத் தோலை ஓரமாக ஒதுக்கினாள்.

"உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சே கிளச்சை விட்டே."

"நீங்க விடுன்னு சொன்னீங்க."

"இந்தப் பேச்செல்லாம் என்கிட்ட வேணாம். என்னைக்குடி நான் சொன்னதை நீ கேட்டே? கத்தரிக்கா வேணாம்னா கூடை நிறைய வாங்கிட்டு வருவே. அன்னைக்கு மட்டும் என்ன பதிவிரதை ஆயிட்டே?"

"நாலு பேர் முன்னாடி எப்படிங்க சொல்றது? அன்னைக்கு உங்க முகத்தை நீங்க பாக்கல. நான் பாத்தேன். எனக்குச் சொல்ல வரல."

அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். "பாவம்னு விட்டிருக்கே. கொழந்தை அழுவுதுன்னு கையில சாமானைக் குடுப்பாங்களே, அந்த மாதிரி. ஒரு எஞ்சினைக் குடுத்து உடைக்க விட்டிருக்கே. அப்ப காலையில நான் கையை வெச்சுக் கேக்கறனே, அதுவும் இப்படித்தானா? கிழவன் ஏதோ தடவிட்டுப் போகட்டும்னு நிப்பியா?"

அப்போதுதான் அவளுக்குக் கோபம் வந்தது. கத்தியைப் பலகையில் வைத்தாள்.

"ஆமா, கேட்டுல பாவம்னுதான் விட்டேன். தப்புதான். பெல்ட்ட மாத்தாம தள்ளிப் போட்டதும் அதுக்குத்தான். ஆனா காலையில நிக்கறது அதுக்கு இல்ல. எனக்குப் பயம். இத்தனை நாள் ஓட்டறேன், இன்னைக்கும் பயம். ரோட்டுல லாரி வந்தா கால் தானா பிரேக்குக்குப் போகுது. நீங்க போன்னு சொன்னா, சரி, போயிட்டு வந்துடுவோம்னு ஒரு தைரியம். அதுக்குத்தான் நிக்கறேன். போதுமா?"

இதை அவள் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சொன்ன பிறகு வெட்கமாக இருந்தது. திரும்பி வெங்காயத்தை நறுக்கினாள்.

அவர் நிலையிலிருந்து கையை எடுத்தார். பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"இனிமே தப்புன்னா அங்கயே சொல்லு. நடு ரோட்டுல சொல்லு. எனக்கு அசிங்கம் ஆனா ஆகட்டும். கால்தான் போச்சு, காது கேக்கும்."

"சொல்றேன்."

"பெல்ட்டு ஊமையாம். அவன்தான் சொன்னான். சனியன், ஒரு வார்த்தை சொல்லிட்டுச் செத்தா என்ன?" அவர் குரலில் இருந்தது கோபமா வருத்தமா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. "தண்ணி குடு."

கார் திரும்பி வர மழைக்காலம் தொடங்கிவிட்டது. மூன்று நர்ஸ்களில் மூத்தவள் மட்டும் திரும்ப வந்தாள். மற்ற இருவருக்கும் வேனே சௌகரியமாகப் போய்விட்டது. அது வாசலுக்கே வருகிறதாம். ஒரு ஆளை வைத்துக்கொண்டு எத்தனை நாள் ஓட்ட முடியும் என்று அவளுக்குத் தெரியவில்லை. அவரும் கேட்கவில்லை.

முதல் நாள் காலை ஸ்டார்ட் செய்துவிட்டுக் காத்திருந்தாள். அவர் சட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். பானெட்டின் பக்கம் போனார். கை பாதிவரை உயர்ந்து இறங்கிவிட்டது. சுற்றிக்கொண்டு வந்து பக்கத்து சீட்டின் கதவைத் திறந்து, முதலில் உட்கார்ந்து, கிளச்சு காலைக் கையால் தூக்கி உள்ளே வைத்தார்.

"சீட்டுதான் காலியா இருக்கே. நானும் வரேன்."

நர்ஸ் ஏறும்போது, "என்ன அண்ணே, நீங்களும் டூட்டியா?" என்றாள்.

"ஆமா. இவளை மேய்க்கற டூட்டி."

தெரு திரும்புவதற்குள் ஆரம்பித்துவிட்டார். கிளச்சில் காலை வைத்தபடியே ஓட்டுகிறாளாம், இப்படி ஓட்டினால் தட்டு தேய்ந்துவிடுமாம்.

"கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு வரீங்களா? எனக்குத் தெரியும்" என்றாள் அவள், நர்ஸ் கேட்கும்படியாகவே. பின்னாலிருந்து சிரிப்பு வந்தது. அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். காது மடல் சிவந்திருந்தது.

ரயில்வே கேட் மூடியிருந்தது. எஞ்சின் மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. நர்ஸ் ஏதோ கேட்டாள்; இருவர் காதிலும் விழவில்லை. அவர் தலை லேசாகச் சாய்ந்திருந்தது. அவளும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். நன்றாகத்தான் ஓடியது. அன்றைக்கும் இப்படித்தான் ஓடியது.

ரயில் போனது. அது போன பிறகும் எஞ்சின் சத்தம் இருந்தது. கேட்டைத் தூக்கினார்கள். அவள் கியரைப் போட்டாள். அவருடைய வாய் திறந்ததை ஓரக்கண்ணால் பார்த்தாள். விடு என்று சொல்லத்தான். சொல்லவில்லை, மூடிக்கொண்டார்.

பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான். அவள் தானாகவே கிளச்சை விட்டாள்.